புயல் வருகிறது, பிளக்கைப் பிடுங்குங்கள்

1. ஃபிரீசர் அனுபவம்

இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஸ்னோ பார்த்திருக்கீங்களாக்கா?" என்பது.

கேட்டவர் சூப்பர்வைசர் ரஹீம். இங்கே மலேசியாவில், கோலசிலாங்கூர் டவுனில் அவருடைய அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என் மகன் வயதுதான் இருக்கும். டை கட்டியிருந்தார், அதன் முனையில் மட்டும் கொஞ்சம் சாம்பார் வாசம்.

"இல்ல தம்பி. நீங்க?"

"எங்க அத்தா கடை ஃபிரீசர்ல பார்த்திருக்கேன். அது போதும்லா. போன்ல யாரு வந்து பார்க்கப் போறா?"

அதற்கு முன் நான் பல வருஷம் ஒரு பாமாயில் மில்லில் லோரி எடை போடும் வேலை பார்த்தவள். மில் கைமாறியது, வேலை போனது. "லோரிக்காரங்ககிட்ட சண்டை போட்டுப் பழகினவங்களா? அப்ப சரி, நாளைக்கே வாங்க," என்று ரஹீம் எடுத்துக்கொண்டார். பரமேஸ்வரி என்ற என் பெயர் போனுக்கு நீளமாம். மறுநாளிலிருந்து நான் 'பாம்' ஆனேன். ராசா என்ற ஊரிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த கவிதா 'கேத்தி' ஆனாள்.

வேலை இதுதான். அமெரிக்காவில் கனடா எல்லைக்குப் பக்கத்தில் வட சமவெளி என்று ஒரு வட்டாரம். வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் உதவிக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. அங்கே மணி அடித்தால் இங்கே, டவுனில் ஒரு கைத்தொலைபேசிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் ஹெட்செட்டில் அடிக்கும். பனிக்காலம் வந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேரும். புயல் வருவதற்கு முன்பே வயதான மெம்பர்களை நாங்களாகவே கூப்பிட்டு, வானிலை முன்னறிவிப்பையும் பாதுகாப்பு யோசனைகளையும் வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கு 'அவுட்லுக் கால்' என்று பெயர்.

அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே நம் பாஷையில் எழுதுகிறேன்.

2. நேற்று வரப்போகிற புயல்

முதல் வாரம் என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. முன்னறிவிப்பில் 'முப்பது டிகிரி' என்று போட்டிருக்கும். நமக்கு முப்பது என்றால் சட்டை நனையும். அங்கே முப்பது என்றால் தண்ணீர் கட்டியாகும். ஃபாரன்ஹீட் என்று பள்ளியில் ஏதோ சொல்லிக்கொடுத்தார்கள், பரீட்சையோடு அதை விட்டுவிட்டேன். ஒரு கிழவர் மிகுந்த சந்தோஷத்தோடு, "நாளைக்கு நல்லா இருக்கும்மா, ஜீரோ வரைக்கும் சூடாகிடும்," என்றார். ஜீரோவில் சூடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. "ரொம்ப சந்தோஷம் ஐயா," என்று சொல்லி வைத்தேன்.

தேதி அதைவிட மோசம். நமக்குப் புதன்கிழமை விடிந்து பசியாறி முடித்திருப்போம், அங்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலம். 'இன்றிரவு புயல்' என்று வாசிக்கும்போது யாருடைய இன்று, யாருடைய இரவு என்று தலை சுற்றும். நேற்று வரப்போகிற புயலைப் பற்றி இன்றைக்கு எச்சரிக்கிற பிழைப்பு உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது. கவிதா கம்ப்யூட்டரில் இரண்டு கடிகாரம் ஒட்டி வைத்தாள். அதன் பிறகு இரண்டையும் பார்த்துக் குழம்பினோம்.

என்னை உண்மையிலேயே மடக்கியது ஒரு வரி. 'பனிப்பொழிவு மாலையில் நின்றுவிடும். பனிப்புயல் இரவு முழுவதும் தொடரும்.'

"தம்பி, பனியே விழலைன்னா புயல் எப்படித் தொடரும்?" என்று ரஹீமிடம் கேட்டேன்.

"டைப்பிங் மிஸ்டேக்லா, க்கா. அப்படியே வாசிங்க."

அப்படியே வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. டேல் என்று ஒரு இழுவை லோரி டிரைவர் இருந்தார். அந்த வட்டாரத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்துக்கொண்டு போகிறவர், எந்நேரமும் எரிச்சலாகத்தான் பேசுவார். அவரிடம் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"விழுந்த பனியைக் காத்து தூக்குதும்மா. இங்க மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. தலைக்கு மேல நட்சத்திரம் தெரியும். என் லோரி மூஞ்சி எனக்குத் தெரியாது."

இது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. தஞ்சோங் காராங் வயலில் அறுவடை மெஷின் போகும்போது பின்னாலே மோட்டோ சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும். வானம் பளிச்சென்று இருக்கும், தூசியில் முன்னால் போகிற வண்டி தெரியாது. நான் அதை நினைத்துக்கொண்டேன். மற்றபடி அந்த ஊரில் புரிந்ததைவிடப் புரியாததுதான் அதிகம். டிரைவர்கள் கேஸ் முடிந்ததும் எழுதும் குறிப்புகளில் 'பிளக் மாட்டவில்லை' என்று அடிக்கடி வரும். எதை மாட்டவில்லை, எங்கே மாட்டவில்லை என்று எழுதமாட்டார்கள். கைத்தொலைபேசியைச் சார்ஜில் போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

3. ரஹீம் சேர்த்த வரி

நம் ஊரில் இடி எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் வானம் பிளந்துகொள்ளும். முதல் இடி கேட்டதும் நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். யார் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து ஓடி, டிவி பிளக், மோடம் பிளக், பிரிட்ஜ் பிளக் என்று வரிசையாகப் பிடுங்கிப் போடுவோம். புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டு மோடம் இடியில் போனது ஒருமுறை அல்ல. சுவிட்சை மட்டும் அணைத்தால் என் கணவருக்குத் தூக்கம் வராது. பிளக் கழன்று தரையில் கிடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒருநாள் ஆபீஸ் மோடமே இடியில் எரிந்துவிட்டது. அன்று முழுக்க ஒரு கால் எடுக்க முடியவில்லை. ரஹீமுக்கு மேலிடத்திலிருந்து விழுந்த திட்டில் பாவம், ரெண்டு நாள் டையே கட்டவில்லை. அந்தச் சூட்டோடு பாதுகாப்பு யோசனைகளை எடுத்தார். மெழுகுவர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், போர்வை வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அதில் ஏற்கெனவே இருந்தது. கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். 'புயல் வருவதற்கு முன், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள்.'

"எப்படிக்கா இருக்கு?"

"நல்ல யோசனை," என்றேன். கவிதாவும் தலையாட்டினாள். அந்த மாடியில் யாருக்குமே அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் எல்லாருக்கும் புயல் என்றால் இடிதான்.

4. டேலின் கோபம்

அந்தப் பனிக்காலத்திலேயே பெரிய புயல் வந்தது. எல்லாருக்கும் ஓவர்டைம். காலையில் உட்கார்ந்து அவுட்லுக் கால்களை முடித்தோம், அவர்களுக்கு அது சாயங்காலம். ராத்திரி முழுக்கப் புயல், விடியும்போது காற்று அடங்கும், அதன் பிறகு முப்பது டிகிரி மைனஸ். ஒருவழியாக வாசித்து முடித்தோம் என்று நிம்மதியாக இருந்தது.

நமக்கு மாலை விளக்கு போட்ட நேரத்தில் டேல் கூப்பிட்டார். எரிச்சல் எல்லாம் போய் நேராகக் கத்தினார்.

"வண்டியைப் பிளக்கிலேருந்து எடுக்கச் சொல்லி எவன் சொன்னது? எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் உங்க கம்பெனிதான் சொல்லுச்சுங்கிறாங்க!"

"வண்டிக்கு ஏது ஐயா பிளக்? கரண்டுல ஓடுற வண்டியா?"

அவர் குரல் திடீரென்று மெதுவானது. அந்த மெதுவான குரல்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"பாம், நீ எங்கே இருக்கே?"

அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. "ஆபீஸ்ல," என்றேன்.

அவர் விளக்கினார். அங்கே டீசல் வண்டியாக இருந்தாலும் பெட்ரோல் வண்டியாக இருந்தாலும் எஞ்சினுக்குள்ளே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். அதன் ஒயர் வண்டியின் முன்பக்கம் வாயில் தொங்கும். ராத்திரியில் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். மாட்டாவிட்டால், பிரிட்ஜில் வைத்த தேங்காயெண்ணெய் மாதிரி உள்ளே எல்லாம் இறுகிப்போகும், காலையில் எஞ்சின் அசையாது. தேங்காயெண்ணெய் நான் சொல்வது, அவர் வேறு ஏதோ சொன்னார்.

"புயல் கொல்லாதும்மா. புயல் முடிஞ்ச மறுநாள், வெயில் பளபளன்னு அடிக்கும் பாரு, அதுதான் கொல்லும்," என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மழை விட்டால் கிளம்பலாம் என்பதுதான் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது. விட்ட பிறகுதான் ஆபத்து என்றால் மனுஷன் எதை நம்புவது? ஆனால் 'பிளக் மாட்டவில்லை' என்று டிரைவர்கள் எழுதியதெல்லாம் என்ன என்பது மட்டும் அந்த நிமிஷம் புரிந்தது.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். காலையில் நீங்கள் கூப்பிட்டவர்களில் யாராவது வண்டிப் பிளக்கைப் பற்றிப் பேசினார்களா என்று கேட்டேன். மற்றவர்கள் இல்லை என்றார்கள், கவிதாவின் முகம் மட்டும் வெளுத்தது.

"ஒருத்தர் கேட்டாரு, அண்ட்டி. வால்டர்னு. 'என் டிரக்கையுமா எடுக்கணும்?'னு ரெண்டு தடவை கேட்டாரு. ஆமா சார், எல்லாத்தையும்தான்னு சொன்னேன். டிரக்ல போன் சார்ஜ் போட்டிருக்காருன்னு நினைச்சேன்."

"வேற என்ன சொன்னாரு?"

"காலையில மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். போன புயல்ல ஒரு தடவை விட்டுப்போச்சாம், இந்தத் தடவை விடவே முடியாதுன்னாரு." சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கவிதாவின் அப்பாவே வாரம் மூன்று நாள் போகிறவர். ஒரு தடவை தப்பினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அடுத்த தடவையும் தப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

டேலை மறுபடி கூப்பிட்டேன். ராத்திரி ரோடு மூடியிருக்கிறது, விடிந்த பிறகும் தன்னால் அந்தப் பக்கம் சீக்கிரம் வர முடியாது, எத்தனையோ பேர் மாட்டியிருக்கிறார்கள் என்றார். "இப்பவே மாட்டினா ரெண்டு மூணு மணி நேரத்துல எஞ்சின் இளகும். ஆளை எழுப்பு."

5. தொட்டால் கையை ஒடிப்பேன்

வால்டருக்குப் போன் போட்டேன். அங்கே விடியற்காலை. அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கமிருந்து முதல் இடி விழுந்தது. மாடிக் கண்ணாடி அதிர்ந்தது. சூடு பட்டவர் மாதிரி ரஹீம் எழுந்தார். பழக்கம் யாரை விட்டது? வரிசையாகச் சுவரோரம் குனிந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். அடுத்தது மோடம்.

"தம்பி, அதைத் தொடாதீங்க! போன் அதுலதான் ஓடுது!"

"க்கா, போன தடவை மோடம் எரிஞ்சு நான் வாங்குன ஏச்சு உங்களுக்குத் தெரியாது. இன்னொண்ணு எரிஞ்சா ஆபீஸையே மூடிருவாங்க!"

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன், சொல்லிட்டேன்!"

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. மில்லில் லோரிக்காரர்களிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. ரஹீம் கையைப் பிளக்கின் மேல் வைத்தபடி அப்படியே குந்தியிருந்தார். பிடுங்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அடுத்த இடிக்கு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. கவிதா முருகா முருகா என்றாள்.

அப்போது போனை எடுத்தார்கள்.

"ஐயா, நான் பாம் பேசுறேன். உங்க டிரக் பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"பிடுங்கிட்டேனே. நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பு ஐயா, எங்க தப்பு. தயவு செஞ்சு இப்பவே போய் மாட்டுங்க."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு பூட்ஸ் மாட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் காற்று போட்ட ஊளை இங்கே கோலசிலாங்கூரில் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தன் லோரி மூஞ்சியே தெரியாது என்று டேல் சொன்ன காற்று அது. அந்தக் காற்றுக்குள் ஒரு கிழவரை நான் இப்போது அனுப்பியிருக்கிறேன். முதல் தப்பைத் திருத்த இரண்டாவது தப்பு செய்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, வெளியே கண்ணு தெரியுமா அவருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது," என்றார் அந்த அம்மாள் சாதாரணமாக. அவர் பெயர் ஐரீன். "வாசல்லேருந்து கொட்டகை வரைக்கும் கயிறு கட்டியிருக்கு. பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்."

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். ஐரீன் மூச்சு வாங்குவது கேட்டது. இங்கே மழை தகரத்தில் கொட்டுவது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அது என்ன சத்தம்? மழையா? நீங்க இருக்கிற இடத்துல என்ன டிகிரி?"

அனுமதி இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உங்க கணக்குல எண்பது இருக்கும்மா."

"மைனஸா?"

"இல்லம்மா. சும்மா எண்பது."

ஐரீன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் அப்பவே சொன்னேன். குளிர்ல போய் யாராவது வண்டிப் பிளக்கைப் பிடுங்குவாங்களா, அந்தப் பொண்ணு ஏதோ குழம்பிப் பேசுதுன்னேன். வால்டர் கேக்கலை. அந்தப் பொண்ணு குழம்பவே இல்லை, அவ்வளவு நிச்சயமா சொன்னா, கம்பெனிக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும், நமக்குத்தான் புரியலைன்னாரு."



கதவு சத்தம் கேட்டது. வால்டர் வந்து போனை வாங்கி, "மாட்டியாச்சு," என்றார். அவ்வளவுதான். நான் தலையசைத்ததும் ரஹீம் மோடம் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அடுத்த இடிக்குக் கரண்டே போய் விளக்கும் ஸ்கிரீனும் அணைந்தன. அவர்களுடைய வண்டி கிளம்பியதா இல்லையா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கீழ்க் கடைக்காரர் மெழுகுவர்த்தி வேண்டுமா என்று குரல் கொடுத்தார். எங்கள் பாதுகாப்பு யோசனைகளில் அது மட்டும் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பசியாறக்கூட நிற்காமல் ஓடிவந்து டேலைக் கூப்பிட்டேன். "முதல் தடவை முனகுச்சாம், ரெண்டாவது தடவை பிடிச்சிருச்சாம். அந்தம்மா டயாலிசிஸ் முடிஞ்சு இந்நேரம் வீட்டுல இருப்பாங்க," என்றார். கவிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரஹீம் அந்த வரியை அழித்தார், மேலிடத்துக்கும் அவரே நடந்ததை எழுதினார். பிறகு அத்தா கடையிலிருந்து எல்லாருக்கும் ரொட்டி சானாய் வரவழைத்தார். ஏச்சு வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் டிரெய்னிங் கொடுக்கிறேன். எல்லாரும் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள். குரல் தெளிவாக இருக்க வேண்டும், தடுமாறக் கூடாது என்றுதான் கம்பெனி அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறது. நான் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். புரியவில்லை என்றால் தடுமாறுங்கள். 'இது எனக்குத் தெரியவில்லை, உங்கள் ஊரில் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பனியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பாதிதான் புரிகிறது, ஜீரோ எப்படிச் சூடு என்பது உட்பட.

ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் தெரியும். வால்டர் பிறந்ததிலிருந்து அந்தக் குளிரில் இருக்கிறவர். நாங்கள் பார்த்த பனி ரஹீமின் அத்தா கடை ஃபிரீசரில் இருந்தது. அப்படியிருந்தும், நாங்கள் சொன்னோம் என்று அவர் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.